சுழிக்குக் கீழே இருந்த வரி

அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும் என்று என் கணவர் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். முடிந்திருக்கும்தான். கூடவே என் வேலையும் முடிந்திருக்கும். அந்தப் பாதியை அவர் சொல்வதில்லை.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு. ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி, சாலையோரத்தில், வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கம்ப்யூட்டர் அறையில் எனக்குப் பயிற்சி வேலை. கணிதத்தில் பட்டம் வாங்கியிருந்தேன். கல்யாணத்துக்கு முன்பு காஞ்சிபுரத்தில் கம்ப்யூட்டர் வகுப்புக்கும் போயிருந்தேன். ஆறு மாதப் பயிற்சி. அது முடியும்போது துறைத் தலைவர் ஒரு தாள் எழுதித் தருவார். நன்றாக எழுதினால் நிரந்தரம், இல்லையென்றால் வீடு. பயிற்சி முடிய மூன்று வாரம் இருந்தது. என் பெண்ணுக்குப் பத்து மாதம் நடந்துகொண்டிருந்தது.

எங்கள் வீடு ஒரகடம் தாண்டி, சிங்கப்பெருமாள் கோவில் போகிற சாலையில். பகலில் குழந்தையை என் ஓரகத்தி பார்த்துக்கொண்டார். மாலை ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தால் ஆறுக்குள் வீடு. அதைவிட்டால் ஏழரை ஆகும். அதனால் ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே எழுந்துவிடுவேன். கம்ப்யூட்டர் அறையில் குளிர்சாதனம் உண்டு. எங்களுக்காக அல்ல, கம்ப்யூட்டருக்காக. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பதினோரு மணி சுமாருக்கு மார் கட்டிக்கொள்ளும். மடித்த கைக்குட்டையை ரவிக்கைக்குள் வைத்து, தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பார்ப்பவர்கள் எனக்குக் குளிர்கிறது என்று நினைப்பார்கள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

துறைத் தலைவர் ஐம்பது வயதுக்காரர். அட்டையில் துளை போட்டு கம்ப்யூட்டருக்குள் செலுத்திய காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவர். கெட்டிக்காரர். அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. அவர் எழுதிய எல்லா புரோகிராமும் பிள்ளையார் சுழியோடுதான் ஆரம்பிக்கும். அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து கிடையாது. சுழியின் வளைவுக்கு இரண்டு என்ற எண், அடியில் இழுக்கும் கோடுகளுக்குச் சமக்குறி, கடைசியில் வைக்கும் புள்ளிக்கும் வாலுக்கும் ஒரு அரைப்புள்ளி. நாங்கள் செமிகோலன் என்று சொல்வோம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்தால், மனம் வைத்துப் பார்த்தால், உகரம் மாதிரிதான் தெரியும். முதல் நாள் அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கடைச்சாமான் சீட்டு எழுதினாலும் மேலே சுழி போடாமல் எனக்குக் கை ஓடாது. இந்த மனிதரிடம் வேலை கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

சுழி இருக்கும் வரியின் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அந்தக் குறியோடு தொடங்கும் வரியை கம்ப்யூட்டர் படிக்காது, தாண்டிப் போய்விடும். காமென்ட் என்பார்கள். யார் எழுதியது, எதற்காக, எப்போது மாற்றியது என்று பின்னால் வருகிறவர்களுக்காக எழுதி வைப்பது. ஒரு புரோகிராமில் மனிதருக்கு மனிதர் பேசிக்கொள்ளும் இடம் அது ஒன்றுதான். துறைத் தலைவர் சுழிக்குக் கீழே ஏழெட்டு வரி அப்படி எழுதுவார். அதற்கு அப்புறம்தான் கட்டளைகள் வரும்.

ஆடி மாதம் கம்ப்யூட்டரில் இடம் நிரம்பிவிட்டது. புது மாதத்தின் கணக்கைச் சேர்க்க முடியவில்லை. துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"எல்லா புரோகிராம்லயும் காமென்ட்டை எடுத்துடும்மா. அதுவே பாதி இடத்தை அடைச்சுக்கிட்டிருக்கு."

"எல்லாத்தையுமா சார்? யார் எழுதினதுங்கிறதைக்கூடவா?"

"எல்லாத்தையும்னா எல்லாத்தையும்தான். யார் எழுதினது? நான்தான் எழுதினேன். எனக்குத் தெரியாதா?" பிறகு, நான் கதவருகில் போனதும், "ஏம்மா, சுழியைத் தொட்டுடாதே. அது இருக்கட்டும்" என்றார்.

இரண்டு நாள் உட்கார்ந்து நாற்பது புரோகிராமிலும் எடுத்தேன். சுழியைத் தொடவில்லை. அவர் சொல்லாவிட்டாலும் தொட்டிருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு சின்னச் சின்னதாய் ஏதோ சரியில்லை. ஒரு புரோகிராமை ஆரம்பித்தால் திரை சுத்தமாகத் துடைக்கப்பட்டுப் புதிதாக வர வேண்டும். இப்போது பழைய எழுத்துகள் அப்படியே கிடக்க, அவற்றின் மேலேயே புது எழுத்துகள் விழுந்தன. துறைத் தலைவரிடம் சொன்னேன். "மிஷின் பழசாயிடுச்சும்மா. ஆயுத பூஜைக்கு சந்தனத்தை உள்ளே வரைக்கும் பூசினா இப்படித்தான் ஆகும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்ததை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தப் புரோகிராம்களில் ஒன்று வருகைக் கணக்குடையது. கேட்டில் ஆள் வராத ஒவ்வொரு நாளும் ஒரு பதிவாக ஏறும். பின்னால் அந்த ஆள் லீவுத் தாள் கொண்டுவந்து, அதில் மேலாளர் கையெழுத்து இருந்தால், அந்தப் பதிவை நாங்கள் அடித்துவிடுவோம். அடித்துவிடுவது என்றால் அழிப்பது இல்லை. ஸ்கூல் நோட்டில் ஒரு கோடு இழுத்து அடிப்பது போல, பதிவுக்குப் பக்கத்தில் ஒரு குறி விழும், அவ்வளவுதான். பதிவு உள்ளேயே இருக்கும். புரோகிராமின் முதல் கட்டளை, 'அடிக்கப்பட்டதைப் பார்க்காதே' என்பது. அதைப் படித்துவிட்டு கம்ப்யூட்டர், லீவு எழுதாமல் நின்ற நாட்களை மட்டும் கூட்டி, இரண்டு நாளுக்கு மேல் போனவர்களுக்கு நோட்டீஸ் அச்சடிக்கும். மூன்று நாளில் விளக்கம் தராவிட்டால் பெயர் நீக்கப்படும் என்று அந்த நோட்டீஸில் இருக்கும்.

மாத முடிவில் நான்தான் அதை ஓட்டினேன். வழக்கமாகப் பட்டியலில் முப்பது பேர் வருவார்கள். அன்று பிரின்டர் நிற்கவே இல்லை. தாள் மடிந்து மடிந்து தரையில் விழுந்துகொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தபோது நூற்றுப் பதினாறு பேர். அதில் என் பெயரும் இருந்தது. மூன்று நாள், லீவு இல்லை.

இந்த இடத்தை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அந்த மூன்று நாளும் என் பெண்ணுக்குக் காய்ச்சல். லீவு கேட்டபோது துறைத் தலைவர் தாளைப் பார்க்காமலே, "குழந்தைன்னா காய்ச்சல் வரத்தான் செய்யும்" என்று சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பட்டியலில் என் பெயரைப் பார்த்ததும் எனக்கு கம்ப்யூட்டர் மேல் சந்தேகம் வரவில்லை. என் மேல்தான் வந்தது. லீவை ரத்து செய்துவிட்டார், என்னிடம் சொல்லக்கூட வேண்டாம் என்று நினைத்திருக்கிறார், நிரந்தரம் பண்ணப்போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார் என்று வரிசையாகத் தோன்றியது. எண்ணிக்கை இவ்வளவு போகுமா என்று கேட்கப் போனால், உன் பெயரும் இருக்கிறதே, அதற்காகத்தான் கேட்கிறாயா என்பார். படித்தவள், கணக்குத் தெரிந்தவள், முப்பது நூற்றுப் பதினாறு ஆனதைக் கண்ணால் பார்த்துவிட்டு, பட்டியலை ஒழுங்காகக் கிழித்து, அடுக்கி, அவர் மேஜையில் வைத்துவிட்டு ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

அவரும் கூர்ந்து பார்க்கவில்லை. நோட்டீஸ்கள் போய்விட்டன.

இரண்டு நாள் கழித்து, காலையில், கம்ப்யூட்டர் அறையின் கண்ணாடிக் கதவை ஒரு விரல் தட்டியது. வெளியே பிரஸ் ஷாப்பில் வேலை செய்யும் வல்லக்கோட்டைக்காரர் ஒருவர், சட்டையெல்லாம் எண்ணெய், கையில் நோட்டீஸ். கதவைத் திறந்தேன்.

"இன்னாம்மா இது? பன்னெண்டு நாள் நான் சொல்லாம கொள்ளாம நின்னுட்டனாம். எம் பொண்டாட்டிக்குப் பிரசவம். லீவு எய்தி, எங்க மேனேஜரு கையெழுத்துப் போட்டு, இதே கதவாண்ட உங்கையிலதான் குட்த்தேன். நெனப்பு கீதா?"

நினைவிருந்தது. பெண் குழந்தை என்று சொல்லி அன்றைக்கு ஒரு சாக்லேட்டும் கொடுத்திருந்தார். "இருக்குங்க" என்றேன்.

"பின்ன இன்னாத்துக்கு இப்டி வருது? கேட்டா, மிஷின்ல அப்டித்தான் கீதுன்றான் சூப்பர்வைசரு. மிஷினா என் பொண்டாட்டிக்குப் பிரசவம் பாத்துச்சு?"

பின்னால் நின்றிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்கள் கையிலும் நோட்டீஸ் இருந்தது. "மூணு நாள் டயம் குட்த்துகிறாங்கோ. இன்னிக்கி ரெண்டாவது நாளு" என்றார் ஒருவர், சிரிப்பை நிறுத்திவிட்டு.

அவருடைய லீவுத் தாளைத் தேடி எடுத்தேன். கையெழுத்து இருந்தது. அவருடைய பதிவுகளைத் திரையில் கொண்டுவந்தேன். பன்னிரண்டிலும் அடித்த குறி இருந்தது. அப்படியும் கூட்டலில் வந்திருக்கிறது. பிறகு என் பதிவைப் பார்த்தேன். மூன்றிலும் குறி இருந்தது. துறைத் தலைவர் எதையும் ரத்து செய்யவில்லை. அடித்தவை எல்லாம் உயிரோடு எழுந்து வந்திருந்தன.

மத்தியானத்துக்குள் ஷிப்டு முழுக்கப் பேச்சாகிவிட்டது. ஆட்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் பார்க்கும் பர்சனல் ஆபீசர் துறைத் தலைவரைக் கூப்பிட்டு அனுப்பினார். திரும்பி வந்த துறைத் தலைவர் என்னைப் பார்க்காமல் டைப்பிஸ்டிடம் போனார். கால் மணியில் ஒரு தாள் என் மேஜைக்கு வந்தது. ஆங்கிலத்தில் நாலு வரி. வீட்டுக் கவலைகள் காரணமாகக் கவனம் சிதறி, வருகைப் புரோகிராமை நான் தவறாக மாற்றிவிட்டேன், முழுப் பொறுப்பும் என்னுடையது, வருந்துகிறேன். கீழே கையெழுத்துக்கு இடம்.

"சார், நீங்க சொல்லித்தானே காமென்ட்டை எடுத்தேன்? வேற எதையும் தொடலையே."

"காமென்ட்டை மிஷின் படிக்கிறதே இல்லைம்மா. அதை எடுத்தா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. அப்போ நீ வேற எதையோ எடுத்திருக்கே. அஞ்சு மணி பஸ்ஸுக்கு மனசு நாலரைக்கே போயிடுது. நான் பார்க்கலைன்னு நினைச்சியா?" குரலை உயர்த்தவில்லை. அதுதான் கூடுதல் எரிச்சல். "நாளைக்கு ரெண்டு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடு. பர்சனல்ல கேட்கறாங்க."

அவர் காலையில் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை புகை பிடிக்க கேட்டுக்கு வெளியே போய்வருவார். ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம். அதை யாரும் மனசு போய்விட்டது என்று சொன்னதில்லை. எனக்கு ஐந்து நிமிடம். ஆனால் இதெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது. அங்கே நிற்கும்போது, வேறு எதையோ எடுத்துவிட்டேனோ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போய்ப் புடவையை மாற்றாமலே குழந்தையை மடியில் போட்டுக்கொண்டேன். ஓரகத்தி முகத்தைப் பார்த்தே, "இன்னாடி, யாரு இன்னா சொன்னாங்க?" என்றார். சொன்னேன். அவர் ஐந்தாவது வரைதான் படித்தவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ செய்யலன்னா செய்யலன்னு எய்திக் குடேன். அதான் எய்தப் படிக்கத் தெரியுமே உனக்கு. நானா இருந்தா வாயாலதான் திட்டணும்" என்றார்.

முதல் ஷிப்டு முடிந்து மத்தியானமே வந்து தூங்கி எழுந்திருந்த என் கணவர் வேறு மாதிரி சொன்னார். "கையெழுத்துப் போட்டுட்டு வா. பெரிய மனுசன்கிட்ட எதுக்கு மல்லுக்கட்டு? அவருதானே உன்னைப் பத்தி எழுதணும்?"

"அந்தக் கடுதாசில கையெழுத்துப் போட்டா, அதையே காரணமா எழுதிடுவாருங்க."

"போடலைன்னாலும் எழுதுவாரு."

என் கணவர் கெட்டவர் இல்லை. அவருடைய கம்பெனியில் இரண்டு பேர் எதிர்த்துப் பேசி வெளியே போனதைப் பார்த்தவர். ஆனால், 'நீ எதையாவது எடுத்தியா, இல்லையா?' என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. என் ஓரகத்தியும் கேட்கவில்லை. ஓரகத்தி கேட்காமலே நான் எடுக்கவில்லை என்று வைத்துக்கொண்டார். இவர் கேட்காமலே எடுத்திருப்பேன் என்று வைத்துக்கொண்டார்.

மறுநாள் சனிக்கிழமை. துறைத் தலைவர் மத்தியானத்துக்குத்தான் வருவார். மெட்ராஸ் ஆபீசில் அவருக்கு வேலை இருந்தது. கம்ப்யூட்டர் கூடவே வந்த தடிமனான விளக்கப் புத்தகம் அவருடைய இரும்பு அலமாரியில், பூட்டி. சாவி அவர் பையில். புத்தகம் இருந்திருந்தால் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்திருப்பேன். ஒரு அறைக்கு ஒரு புத்தகம், அதையும் பூட்டி வைத்துக்கொண்டு, கவனக்குறைவு என்று எனக்குக் கடிதம்.

வருகைப் புரோகிராமை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துக்கொண்டேன். நகலில் ஒவ்வொரு வரியாக எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தால், எந்த வரியில் கோளாறு என்று தெரிந்துவிடும் என்பது என் கணக்கு. மேலிருந்து ஆரம்பித்தால் முதல் வரியே சுழி. அதை எடுக்க மனம் வரவில்லை. கடைசியிலிருந்து மேலே வந்தேன். ஒவ்வொரு தடவையும் ஏழெட்டு நிமிடம் ஆகும். நூற்றுப் பதினாறு, நூற்றுப் பதினாறு, இல்லையென்றால் பாதியில் நின்றுபோகும். பத்தரை ஆகிவிட்டது. மார் கனக்க ஆரம்பித்திருந்தது.

இரண்டாவது வரிக்கு வந்தேன். 'அடிக்கப்பட்டதைப் பார்க்காதே' என்ற கட்டளை. அதை எடுத்தேன். எண்ணிக்கை கூட வேண்டும், அல்லது குறைய வேண்டும். நூற்றுப் பதினாறு. எடுத்தாலும் அதே, வைத்தாலும் அதே. அப்படியானால் அந்த வரி இருந்தபோதே அதை கம்ப்யூட்டர் படிக்கவில்லை.

கட்டளையைத் திரும்ப வைத்தேன். மிச்சம் இருந்தது சுழி ஒன்றுதான். மனசுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டினேன்.

முப்பத்திரண்டு.

எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்வது? பிள்ளையாரை எடுத்தால் கணக்கு சரியாக வருகிறது. வைத்தால் நூறு குடும்பத்துக்கு நோட்டீஸ் போகிறது. என் பெண்ணின் காய்ச்சல்கூட ஞாபகத்துக்கு வந்தது. ஒரு நிமிடம் கீபோர்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எனக்கே கோபம் வந்தது. இவள் கணிதம் படித்தவளா என்று. சுழியைத் திரும்ப அடித்தேன். இரண்டு, சமக்குறி. அரைப்புள்ளியை மட்டும் வைக்காமல் ஓட்டினேன். முப்பத்திரண்டு. அரைப்புள்ளியை வைத்தேன். நூற்றுப் பதினாறு. எடுத்தேன். முப்பத்திரண்டு.

சுழியில் குற்றமில்லை. அதன் வாலில்தான். ஒரு வரியின் முடிவில் அரைப்புள்ளி இருந்தால், 'இந்த வரி இன்னும் முடியவில்லை, அடுத்ததையும் இதோடு சேர்த்துக்கொள்' என்று இந்த கம்ப்யூட்டருக்கு அர்த்தம். நீளமான கட்டளைகளை நாங்களே அப்படி இரண்டாக மடித்து எழுதுவோம். காமென்ட்டின் முடிவில் வைத்தாலும் அது அப்படியே எடுத்துக்கொள்ளும் என்று யாரும் யோசிக்கவில்லை. இத்தனை வருடமும் சுழிக்குக் கீழே இன்னொரு காமென்ட் வரி இருந்தது. அதை விழுங்கியது, யாருக்கும் தெரியவில்லை. அந்த வரிகளை எடுக்கச் சொன்னதும், கட்டளையை விழுங்கியது. மற்ற புரோகிராம்களில் திரையைத் துடைக்கும் கட்டளையை விழுங்கியது. அதற்குத்தான் நாங்கள் சந்தனத்தின் மேல் பழி போட்டுச் சிரித்தோம்.

துறைத் தலைவர் ஒரு மணிக்கு வந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் சொன்னேன். உட்கார வைத்து ஓட்டிக் காட்டி, அரைப்புள்ளியை மட்டும் எடுத்தால் போதும் என்றேன். இரண்டு தடவை பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"பன்னெண்டு வருஷமா போடற சுழிம்மா இது. ஒரு நாள் ஒண்ணும் ஆனதில்லை."

"கீழே காமென்ட் இருந்ததால ஆகலை சார்."

"அதைத்தானே நானும் சொல்றேன். கீழே இருந்ததை எடுத்தது யாரு?"

"எடுக்கச் சொன்னது நீங்க சார்."

அந்த வாக்கியம் என் வாயிலிருந்துதான் வந்தது. அவர் எழுந்துகொண்டார். "சுழியைப் போட்டது என் தப்புன்னு பர்சனல்ல போய்ச் சொல்லப் போறியா? பிள்ளையாரால வந்த வினைன்னு எழுதப் போறியா? நல்லா இருக்கும். எழுது" என்றார். பிறகு, "ரெண்டு மணி" என்றார்.

பிள்ளையாரைக் குறுக்கே நிறுத்திவிட்டு அவர் பின்னால் நின்றுகொண்டார். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை. நான் எடுக்கச் சொன்னது அரைப்புள்ளியைத்தான்.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். மேலே சுழி போட்டேன். பேனாவால், பூ மாதிரி, முழுசாக. கீழே தமிழில் எழுதினேன். யார் சொல்லி எந்த வரிகளை எடுத்தேன், எந்தக் குறியால் என்ன நடந்தது, எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தேன் என்று. கடைசியில் நிறுத்தினேன். பட்டியலில் என் பெயரைப் பார்த்தும் கேட்காமல் போனதை எழுதுவதா, வேண்டாமா? எழுதினால் அதையே பிடித்துக்கொள்வார்கள். எழுதாவிட்டால் நானும் ஒரு வரியை விழுங்கினவளாகிவிடுவேன். எழுதினேன். 'எண்ணிக்கை அதிகமாக இருந்ததைக் கண்டேன். பயத்தால் கேட்கவில்லை. அது என் தவறு. மற்றது என் தவறில்லை.' டைப் அடித்த தாளைக் கையெழுத்துப் போடாமல் துறைத் தலைவரின் மேஜையில் வைத்துவிட்டு, என் தாளை எடுத்துக்கொண்டு பர்சனல் ஆபீசரிடம் போனேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். "இன்னாம்மா இது, செமிகோலன் கிமிகோலன்னு எழுதி இருக்கே. இதை முதலாளிகிட்ட நான் எப்படிப் படிச்சுக் காட்டறது?"

"நோட்டீஸ் எல்லாத்தையும் வாபஸ் வாங்கணும் சார். இன்னிக்கு மூணாவது நாள்."

"வாங்கிடலாம், வாங்கிடலாம். அதுல ஒண்ணும் கஷ்டமில்லை" என்றார். தாளை மடித்து இழுப்பறையில் போட்டார்.

மாலையே கேட்டில் அறிவிப்பு ஒட்டினார்கள். கம்ப்யூட்டர் கோளாறு காரணமாகத் தவறுதலாக அனுப்பப்பட்ட நோட்டீஸ்கள் திரும்பப் பெறப்படுகின்றன. பஸ்ஸுக்கு ஓடும்போது பார்த்தேன். வல்லக்கோட்டைக்காரர் நின்று எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "மிஷினு மேல பழியப் போட்டுட்டாங்கோ பாத்தியாம்மா. அது இன்னா, வாயத் தொறந்து பேசவா போவுது?" என்றார்.

திங்கட்கிழமை காலை வருகைப் புரோகிராமைத் திறந்தேன். சுழி இருந்தது, அரைப்புள்ளியோடு. அதற்குக் கீழே ஒரு புது வரி இருந்தது. நட்சத்திரக் குறி போட்டு, ஆங்கிலத்தில், 'பயிற்சிப் பெண் ஊழியரின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை, துறைத் தலைவரால் திருத்தப்பட்டது.' சனிக்கிழமை நான் போன பிறகு அடித்திருக்கிறார்.

ஓட்டிப் பார்த்தேன். முப்பத்திரண்டு. சரியாகத்தான் இருந்தது. அரைப்புள்ளிக்கு விழுங்க இப்போது ஒரு வரி கிடைத்துவிட்டது. அந்த வரி நான். என்னைக் குற்றம் சொல்லும் அந்த வாசகம் அங்கே இருக்கும்வரை யாருக்கும் தப்பான நோட்டீஸ் போகாது. அதை எடுத்தால் மறுபடி நூற்றுப் பதினாறு. ஒரு எழுத்தை அழிப்பதற்குப் பதில் என்னை அடியில் தாங்கலாக வைத்துவிட்டார். கெட்டிக்காரர் என்று முன்பே சொன்னேன்.

அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். முதலில் அரைப்புள்ளியை எடுத்தேன். பிறகு என்னைப் பற்றிய வரியை எடுத்தேன். ஓட்டினேன். முப்பத்திரண்டு. அதன் இடத்தில் ஒரு வரி எழுதினேன். காமென்ட்டின் முடிவில் செமிகோலன் வைக்கக்கூடாது, வைத்தால் அடுத்த வரி படிக்கப்படாது என்று. பக்கத்தில் என் தலைப்பெழுத்துகளைப் போட்டேன். அந்த வரியின் முடிவில் நான் ஏதும் குறி வைத்துவிடவில்லையே என்று ஐந்து தடவை பார்த்தேன். மற்ற முப்பத்தொன்பது புரோகிராமிலும் சுழியின் வாலை எடுத்து முடிக்க மாலை நாலு மணி ஆயிற்று. திரை துடைத்துவிட்டது போல் பளிச்சென்று வந்தது.

துறைத் தலைவர் மறுநாள் பார்த்தார். "யாரைக் கேட்டு மாத்தினே?" என்றார்.

"பேர் போட்டிருக்கேன் சார்" என்றேன்.

அவர் அதைத் திருப்பி மாற்றவில்லை. ஆனால் மூன்று வாரம் கழித்து அவர் எழுதிய தாளில், குடும்பச் சூழ்நிலையைக் கருதிப் பயிற்சிக் காலம் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கப்படுகிறது என்று இருந்தது. செமிகோலனைப் பற்றி ஒரு சொல் இல்லை. "நான் சொல்லலை?" என்றார் என் கணவர். அந்த மூன்று மாதத்தையும் முடித்து, நிரந்தரமும் ஆனேன். தினமும் ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, துறைத் தலைவர் பார்க்கும்போதே, எழுந்து போனேன்.